ஊமையான கணினியும் ஓர் ஒலிநாடாவும்

நம் வயதுக்காரர்கள் கணினியைப் பற்றிச் சொல்லும் குறைகளில் முதலிடம் "சத்தம் வரவில்லை" என்பதற்குத்தான். படம் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, வெளிநாட்டில் இருக்கும் மகள் வாயசைப்பதும் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். அதற்குக் காரணம் உண்டு, வைத்தியமும் உண்டு. அந்த வைத்தியத்தைக் கற்றே தீரவேண்டிய கட்டாயம் எனக்கு 2024 கடைசியில் வந்தது. யாருக்காவது பயன்படும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பெரியண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். புதுவையில் சொல்தா என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1962-க்குப் பிறகு அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படித்துக் காட்டவேண்டும். அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நான்தான். இது அண்ணனுக்கும் பிடிக்கவில்லை, அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதற்கு நடுவில் தம்பி எதற்கு? ஒருமுறை லீவில் வந்தபோது அண்ணன் ஒரு டூ-இன்-ஒன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு கடிதத்துக்குப் பதில் கேசட் வரத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் இப்படிக் கேசட்டில் பேசி அனுப்பாத சொல்தா வீடு குறைவு. ஆனால் இன்று அவற்றைத் தேடினால் கிடைக்காது. காரணம் எளிது. வந்த கேசட்டிலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அண்ணன் பேசியதன் மேல் அம்மா பேசுவார். அம்மா பேசியதன் மேல் அண்ணன் பேசுவார். பத்து வருடப் பேச்சு இரண்டு மூன்று கேசட்டுகளிலேயே ஓடி, அழிந்து, ஓடி, அழிந்து போயிற்று. எங்கள் வீட்டில் தப்பியது ஒன்றே ஒன்று. 1979-இல் வந்தது. ஒரு பக்கம் அண்ணன் பேசியிருக்கிறார். ஒரு வயதுக் குழந்தையான தன் மகளையும் மழலை பேசவிட்டிருக்கிறார். மறு பக்கத்தில் அம்மா பதில் பேசி முடித்து, அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அண்ணனே குடும்பத்தோடு லீவில் வந்து இறங்கிவிட்டார். ஆகவே கேசட் போகவில்லை. அம்மாவின் புடவைப் பெட்டியில் தங்கிவிட்டது.

அண்ணன் காலமாகிச் சில மாதங்கள் கழித்து அந்த மகள் பிரான்சிலிருந்து எனக்கு எழுதினாள். ஜனவரியில் மூன்று வாரம் புதுவை வருவதாகவும், அப்பாவின் போட்டோ நிறைய இருக்கிறது, குரல்தான் எங்கும் இல்லை என்றும், சித்தப்பா வீட்டில் ஏதாவது இருக்குமா என்றும் கேட்டிருந்தாள்.

45 வருடக் கேசட். அதைச் சும்மா போட்டுக் கேட்டுப் பார்க்கவும் பயம். பழைய நாடா பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளலாம், அறுந்துபோகலாம். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் ஆகலாம். ஆகவே அது முதன்முறை ஓடும்போதே கணினியில் பதிவாகிவிட வேண்டும். அதற்கு முன் கணினி முழுச் சுகத்தோடு இருக்கவேண்டும்.

கணினியோ ஊமையாகக் கிடந்தது. என்னிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. லினக்ஸ் என்பதால் அதன் வயது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் புதிய பதிப்புக்கு மாறியபின் சத்தம் நின்றுவிட்டது. ஒரு கடையில் காட்டினேன். "சவுண்டு கார்டு போய்விட்டது சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். "தாத்தா, கார்டு போயிருந்தா லினக்ஸே சொல்லும். முதல்ல கேட்டுப் பார்ப்போம்" என்றான். இருவருமாக உட்கார்ந்தோம்.

கணினியின் மொழியை நான் பிரெஞ்சில் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு 'சோர்தி' என்றால் வெளியே போகிற வழி, 'ஆந்த்ரே' என்றால் உள்ளே வருகிற வழி என்பது யோசிக்காமல் விளங்கும். பையனுக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கு லினக்ஸின் உள்விவகாரம் தெரியாது. அவன் எந்தப் பொத்தான் என்று இடத்தைக் காட்ட, நான் அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல, வேலை நடந்தது.

லினக்ஸில் சத்தம் எப்படிப் போகிறது என்பதை அவன் விளக்கியபோது எனக்கு அரசு அலுவலகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மனு மேசையிலிருந்து மேசைக்குப் போவதுபோல ஒலியும் போகிறது. பாட்டுப் பாடும் நிரல் முதல் மேசை. அங்கிருந்து ஒலிச் சேவகன் என்கிற நடு மேசைக்குப் போகிறது. அது கீழே இருக்கும் ஆல்சா என்னும் மேசைக்கு அனுப்புகிறது. ஆல்சா ஒலி அட்டையிடம் கொடுக்கிறது. அட்டையிலிருந்து ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போய்ச் சேருகிறது. இதில் எந்த மேசையில் நின்றாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் வரவில்லை.

இத்தனை மேசை ஏன் என்று கேட்டேன். அது ஒரு வரலாறு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் ஓ.எஸ்.எஸ். என்ற ஒலி அமைப்பு இருந்தது. பிறகு செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய ஆல்சா அதன் இடத்துக்கு வந்து, 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருவில் இடம்பெற்றது. ஆல்சாவில் ஒரு விசித்திரம்: புதிதாக நிறுவினால் எல்லா ஒலிவழிகளும் மூடியே இருக்கும், நாம்தான் திறக்கவேண்டும். அதனால் 'லினக்ஸ் என்றால் ஊமை' என்ற பேர் அந்தக் காலத்தில் பரவிற்று. பல நிரல்களின் ஒலியை ஒன்றாகக் கலந்து தருவதற்கும், எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவதற்கும் 2004-இல் லெனார்ட் போட்டரிங் ஒரு சேவகனை எழுதத் தொடங்கினார். அதுதான் பல்ஸ்ஆடியோ. உபுண்டுவில் 2008-இல் அது வந்தது. இப்போது அந்த மேசைக்கு பைப்வயர் என்ற புதியவர் வந்திருக்கிறார். ஃபெடோராவில் 2021-இலும், உபுண்டுவில் 2022 அக்டோபர் பதிப்பிலும் பொறுப்பேற்றார். பழைய நிரல்கள் தடுமாறாமல் இருக்க, பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் குரலிலேயே பதில் சொல்லும். ஆனால் மேசைக்கு ஆள் மாறும்போது பழைய ஆள் எழுதி வைத்த குறிப்புகள் சில சமயம் கைமாறுவதில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

காணாமற்போன கோப்பைத் தேடும் முறை ஒன்றுதான். கடைசியாக எந்த மேசையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போவது. அதையே செய்தோம்.

முதலில் என் காது. இதைச் சிரித்துவிட்டுத் தள்ளாதீர்கள். நம் வயதில் முதலில் சோதிக்கவேண்டியது அதுதான். பையனுக்கும் கேட்கவில்லை என்றதால் காது தப்பித்தது.

அடுத்து, கணினிக்குத் தன் ஒலி அட்டை தெரிகிறதா? கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணை கொடுத்தால் அட்டைகளின் பட்டியல் வரும். வந்தது. கடைக்காரர் செத்துவிட்டது என்ற அட்டை உயிரோடுதான் இருந்தது. பட்டியலில் இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று கணினியின் சொந்த ஸ்பீக்கர், மற்றொன்று எச்.டி.எம்.ஐ.

மூன்றாவது, பாட்டு நிரலிலிருந்து ஒலி கிளம்புகிறதா? இதற்கு வி.எல்.சி.யில் ஒரு பாட்டைப் போட்டோம். சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட அந்த நிரல், 1996-இல் பாரீஸ் 'எக்கோல் சாந்த்ரால்' மாணவர்கள் தொடங்கியது. பல்ஸ்ஆடியோவின் ஒலிக்கட்டுப்பாட்டுச் சாளரத்தைத் திறந்தால், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கோடு ஆடும். எங்களுக்கும் ஆடியது. ஆக, கோப்பு முதல் மேசையைத் தாண்டிவிட்டது.

நான்காவது, எந்த வாசல் வழியாக வெளியே போகிறது? இங்கேதான் அகப்பட்டது. கண் மங்கலாகிவிட்டதால் நான் மடிக்கணினியோடு ஒரு பெரிய திரையை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்திருக்கிறேன். அந்தக் கம்பியில் படம் மட்டுமல்ல, ஒலியும் போகும். திரையில் ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போன் செருக ஒரு துளை மட்டும் பின்புறம் இருக்கிறது. புதிய பதிப்புக்கு மாறியபோது சேவகன் அந்தத் திரையையே 'சோர்தி'யாகத் தேர்ந்துகொண்டுவிட்டான். இத்தனை நாளும் பாட்டு ஒழுங்காகப் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் காது வைக்காத ஒரு துளையில். சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தோம். சத்தம் வந்தது. செலவு ஒன்றுமில்லை.

அங்கும் சரியாக இருந்து சத்தம் வராவிட்டால் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆல்சாவின் கறுப்புத் திரையில் தூண் தூணாக அளவுகள் தெரியும். தூணின் அடியில் 'எம் எம்' என்று இருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். இன்னொன்று, ஹெட்போன் துளை. ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் தானே அடங்கும்படி ஓர் ஏற்பாடு உண்டு. துளைக்குள் தூசியோ உப்புக் காற்றின் துருவோ இருந்தால், ஹெட்போன் இல்லாதபோதும் இருப்பதாகவே கணினி நினைத்துக்கொள்ளும். நாலைந்து முறை செருகி எடுத்தால் சில சமயம் தெளியும். தெளியாவிட்டால் அந்தத் தானியங்கி ஏற்பாட்டை அதே கறுப்புத் திரையில் நிறுத்திவிடலாம். கடற்கரை ஊரான நமக்கு இது தெரிந்திருக்கவேண்டிய சங்கதி.

வெளியே போகும் வழி சரியாயிற்று. இனி உள்ளே வரும் வழி. இதுதான் கடினம்.

முதலில் டூ-இன்-ஒன். பெல்ட் தொய்ந்து போயிருந்தது. பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் வேறு பெல்ட் போட்டுக் கொடுத்தார். நாடா உரசும் முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு காப்பி நிறத்தில் வந்தது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் உதவாத பாட்டுக் கேசட் இரண்டு வாங்கி வந்தேன். சோதனையெல்லாம் அவற்றின் மேல்தான். அம்மாவின் கேசட்டை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

மடிக்கணினியில் இருப்பது ஒரே துளை. பேசவும் கேட்கவும் அதுதான். அதற்கு நான்கு தொடர்புள்ள முனை வேண்டும். டேப்பிலிருந்து வரும் சாதாரணக் கம்பியின் முனையில் மூன்றுதான். செருகினால் ஹெட்போன் என்றே கணினி எண்ணிக்கொள்ளும். ஆகவே யு.எஸ்.பி.யில் செருகும் விரல் நீள ஒலிக்கருவி ஒன்றைப் பையன் வாங்கி வந்தான். மலிவான கருவிகளில் மைக் வழி மோனோவாகத்தான் இருக்கும். பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு அது போதாது. எங்கள் கேசட்டோ ஒற்றை மைக்கில் பேசியது; மோனோ தாராளம்.

பதிவு செய்ய ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் உருவாக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலவச நிரல். அதைத் திறந்தபின் கருவியைச் செருகினால் பட்டியலில் கருவி தெரியாது. கருவிகளை மறுபடி தேடு என்று நிரலில் ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொடுக்கவேண்டும். பட்டியலில் அதே கருவி இரண்டு மூன்று பெயரில் வரும். ஆல்சாவின் நேர்வழிப் பெயரைத் தேர்ந்தால், வேறு நிரல் அந்தக் கருவியைப் பிடித்துவைத்திருக்கும்போது 'கருவியைத் திறக்க முடியவில்லை' என்று பதில் வரும். ஒலிச் சேவகன் வழியாகப் போகும் பெயரைத் தேர்ந்தால் இந்தச் சண்டை இல்லை.

பிறகு அளவு. டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து வருவது மைக் வழிக்கு மிக அதிகம். டேப்பின் சத்தத்தைக் கால்வாசிக்கும் கீழே வைத்து, ஆடாசிட்டியின் அளவுக்கோடு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டோம். சிவப்பைத் தொட்டால் குரலின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்டது பிறகு ஒட்டாது.

அதன்பின்னும் இரண்டு தொல்லை. ஒன்று, வண்டு மாதிரி ஓர் ரீங்காரம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினோம், ரீங்காரம் அடங்கிற்று. மற்றொன்று விசித்திரமானது. பாட்டு நடக்கும்போது நன்றாக இருக்கிறது. இடைவெளி விழுந்தால் உஸ்ஸென்று இரைச்சல் அலைபோல் ஏறி வருகிறது. மறுபடி குரல் வந்தால் இறங்குகிறது. இதற்குப் பையன் ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவிட்டான். கடைசியில் ஆல்சாவின் கறுப்புத் திரையில் அந்த யு.எஸ்.பி. கருவியைத் தேர்ந்து பார்த்தால், தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று திறந்தே இருந்தது. தொலைபேசிப் பேச்சுக்கு அது நல்லது. பேச்சு நின்றதும் 'சத்தம் போதவில்லை' என்று எண்ணி அளவை ஏற்றிவிடும். நாடாவில் பேச்சு நின்றால் மிஞ்சுவது இரைச்சல்தானே? அதைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. எம் விசை ஒரே தட்டு. அலை நின்றது.

சந்தைக் கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் தடையில்லாமல் பதிவானபின்தான் அம்மாவின் கேசட்டை எடுத்தேன். அறுகோணப் பென்சிலைத் துளையில் விட்டு நாடாவை மெதுவாகச் சுற்றி இறுக்கினேன். நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டு உதிராமல் இருக்கிறதா என்று பார்த்தேன். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்து, பொத்தானை அழுத்தினோம். ஒரு பக்கத்துக்கு அரைமணி. சிக்கவில்லை, அறவில்லை. அண்ணனின் குரலைவிட முதலில் என்னை உலுக்கியது அவர் "யம்மா" என்று இழுத்துக் கூப்பிட்ட விதம்தான். கடைசிக் காலத்தில் அவர் பேச்சில் அந்த இழுப்பு இல்லை.

பதிந்ததைச் சுத்தம் செய்யலாமா என்று பையன் கேட்டான். ஆடாசிட்டியில் அதற்கு வழி இருக்கிறது. பேச்சில்லாத இடத்தில் இரைச்சலை மட்டும் மாதிரியாகக் காட்டினால், அதைப் படித்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். ஒரு நகலில் செய்து பார்த்தோம். கொஞ்சம் கழித்தால் நன்றாக இருந்தது. நிறையக் கழித்தால் அம்மா கிணற்று நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆயிற்று. அதுமட்டுமல்ல. அம்மாவின் பக்கத்தில் பின்னணியில் காக்கை கத்துகிறது, மீன்காரம்மா வீதியில் கூவிக்கொண்டு போகிறாள், இரண்டு இடத்தில் அப்பா இருமுகிறார். அப்பா எந்தக் கேசட்டிலும் பேசியவரல்ல; பேசச் சொன்னால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவருடையதாக எங்களிடம் இருக்கும் ஒலி அந்த இருமல்தான். பையனிடம் கழித்தது போதும் என்றேன். மூலப் பதிவை அப்படியே வைத்தோம். கேட்பதற்கு மட்டும் இலேசாகச் சுத்தம் செய்த இன்னொரு பிரதி.

ஜனவரியில் வந்த மகளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் கேட்டாள். பிறகு வந்து, பாட்டி தன்னைத் திரும்பத் திரும்ப ஒரு சொல்லால் கூப்பிடுகிறார், அது என்ன என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. போட்டுக் காட்டச் சொன்னேன். "ராசாத்தி." பிரெஞ்சில் 'பெத்தித் ரேன்' என்று சொன்னேன், சின்ன ராணி. அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு அகப்படவில்லை. அந்தச் சொல்லை அவள் நாலைந்து முறை தமிழில் சொல்லிப் பார்த்தாள்.

இனி உங்களுக்கு. ஒலியை எந்த வடிவில் சேமிப்பது என்று கேட்பீர்கள். சுருக்காத வேவ் கோப்பு, ஸ்டீரியோவானால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும்; மோனோவானால் அதில் பாதி. ஃப்ளாக் என்ற வடிவில் தரம் குறையாமல் இன்னும் சுருங்கும். மூலத்தை அதில் வையுங்கள். கைப்பேசியில் அனுப்ப மட்டும் எம்பி3 போதும். ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று. கேசட்டையும் எறியாதீர்கள். மேலே முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தெரியாமல் பதிவு செய்துவிட முடியாது.

பரணில் கேசட் இருப்பவர்கள் இந்த மாதமே இறக்கிப் பாருங்கள். கணினி ஊமையாக இருந்தால் புதிது வாங்க ஓடாதீர்கள். மேசை மேசையாகத் தேடுங்கள். அகப்படவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பையனுக்குப் பரீட்சை இல்லாத வாரமாக இருக்கட்டும்.